கீட்டோவில் எடையைக் குறைப்பது எது?

மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கிய பலருக்கும் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று எடை இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் நடைப்பயிற்சி போயும் அசையாத எடை இப்படிச் சட்டென்று குறையும்போது, கொழுப்பைக் கண்டு பயந்ததெல்லாம் வீண், மாவுச்சத்துதான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிடுவது இயல்புதான். தமிழ்நாட்டில் ‘பேலியோ’ என்ற பெயரில் முகநூல் குழுக்கள் வழியாகப் பரவிய உணவுமுறையும் பெருமளவுக்கு இதே கணக்கில்தான் நடக்கிறது: காலையில் நூறு பாதாம், மதியம் காலிஃபிளவர் சோறு, இரவில் முட்டையோ பனீரோ இறைச்சியோ. இதைக் கடைப்பிடித்து எடை குறைந்தவர்கள் ஏராளம்; அவர்கள் சொல்வது பொய்யில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த எடை எதனால் குறைந்தது? உடலில் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் உருவானதாலா, சாப்பாட்டின் அளவு குறைந்ததாலா? கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது விடையே வலுவாக நிற்கிறது. எடை குறைக்க விரும்பும் ஒருவர் இட்லியையும் பருப்பையும் வாழைப்பழத்தையும் வாழ்நாள் முழுக்க விலக்கிவைக்க வேண்டுமா என்பது இந்த விடையைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

மருந்தாகப் பிறந்த உணவு

கீட்டோ முதலில் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகத்தான் வந்தது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்துவந்தார்கள். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரசல் வைல்டர் இதற்கு ஒரு வழி சொன்னார். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திக் கொழுப்பைக் கூட்டினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் பட்டினிக்கால நிலைக்குப் போய்விடும் என்றார். ‘கீட்டோஜெனிக்’ உணவு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1938-இல் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தின் பயன் தெரியவந்த பிறகு மாத்திரை எளிதாகிவிட, இந்த உணவுமுறை ஓரமாக ஒதுங்கியது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்காக 1990-களில் அது மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் கீட்டோ உணவு பெற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் 6 விழுக்காடுதான்.

வலிப்புச் சிகிச்சையில் கீட்டோவின் இடம் இப்படி உறுதியானது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வேளை உணவையும் கிராம் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது, சிறுநீரகத்தில் கல் சேர்கிறதா என்று பார்க்கப்படுகிறது, குறையும் வைட்டமின்களும் தாதுக்களும் மாத்திரையாகத் தரப்படுகின்றன. எடைக்குறைப்புக்காக மாவுச்சத்தைக் குறைக்கும் வழக்கத்துக்கு வேறு வரலாறு உண்டு. 1863-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு இளைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். 1972-இல் ராபர்ட் அட்கின்ஸின் புத்தகம் அமெரிக்காவில் பெரும் அலையை எழுப்பியது. வலிப்புச் சிகிச்சை ஈட்டிய மருத்துவ மதிப்பும் இந்த எடைக்குறைப்பு மரபும் பிற்காலத்தில் ‘கீட்டோ’ என்ற ஒரே பெயருக்குள் கலந்துவிட்டன. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்டும் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உடலுக்குள் நடப்பது

கீட்டோவில் அன்றாடம் அனுமதிக்கப்படும் மாவுச்சத்து 20 முதல் 50 கிராம். ஒரு கப் வெள்ளைச் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது என்றால் இந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பது விளங்கும். மொத்தக் கலோரியில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பிலிருந்தும், ஏறத்தாழ 20 விழுக்காடு புரதத்திலிருந்தும், மிச்சம் மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் வரவேண்டும். உடல் தன் கைச்செலவுக்கான சர்க்கரையைக் கிளைகோஜனாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேர்த்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறும் மாவும் நின்றதும் முதல் சில நாட்களில் இந்தக் கையிருப்பு கரைகிறது, அதோடு சேர்ந்திருந்த நீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவி காட்டும் அந்த இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதே வாரத்தில் வரும் தலைவலி, அசதி, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்கும் இந்த நீரிழப்பும் உப்பிழப்பும் முக்கியக் காரணங்கள். பழையபடி சாப்பிடத் தொடங்கிய சில நாட்களில் அந்த எடை திரும்பிவருவதைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்று மனம் உடைபவர்கள் உண்டு. போனதும் நீர், வந்ததும் நீர் என்று தெரிந்தால் அந்த ஏமாற்றம் தேவைப்படாது.

கிளைகோஜன் தீர்ந்த பிறகு கல்லீரல் கொழுப்பு அமிலங்களை உடைத்துக் கீட்டோன்களை உருவாக்குகிறது. கொழுப்பு அமிலங்களை மூளையால் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. சர்க்கரைக்கு அடுத்தபடியாக அது நம்பியிருக்கக்கூடிய எரிபொருள் கீட்டோன்தான். வாரக்கணக்கில் பட்டினியிருந்தவர்களின் மூளை தன் ஆற்றலின் பெரும்பங்கைக் கீட்டோன்களிலிருந்து பெறுகிறது என்பதை 1967-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் கேஹிலின் குழுவினர் காட்டினார்கள். பஞ்சத்தில் உயிர்பிழைக்க உடல் கற்றுவைத்திருக்கும் அருமையான வழி இது. ஆரோக்கியமான உடலில் இன்சுலின் சிறிதளவேனும் சுரந்துகொண்டிருப்பதால் கீட்டோன்கள் எல்லை மீறாது. அந்த இன்சுலின் இல்லாதபோது இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரண்டு நிலைகளையும் ஒன்றாக நினைத்து எல்லாரும் அஞ்ச வேண்டியதில்லை. சிலர் கட்டாயம் அஞ்ச வேண்டும். அவர்கள் யார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கொழுப்பு எரிவது வேறு, கரைவது வேறு

கீட்டோவின் கவர்ச்சி முழுவதும் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: “உடல் கொழுப்பை எரிக்கும் இயந்திரமாக மாறிவிடும்.” வாக்கியம் பொய்யல்ல, அரைகுறையானது. கீட்டோவில் உடல் எரிப்பது கொழுப்புதான். ஆனால் எந்தக் கொழுப்பு? நாள்தோறும் வெண்ணெயாகவும் பாதாமாகவும் பாலாடையாகவும் உள்ளே போகும் கொழுப்பும் அதில் அடக்கம். மாதச் சம்பளம் முழுவதும் ஐந்நூறு ரூபாய்த் தாளாக வந்தால் செலவும் ஐந்நூறு ரூபாய்த் தாளாகவே நடக்கும்; அதனால் வங்கியில் உள்ள சேமிப்பு குறைந்துவிடாது. வரவைவிடச் செலவு மிஞ்சும்போதுதான் சேமிப்பில் கை வைக்க நேரும். இடுப்பிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு கரைய வேண்டுமானால் உண்ணும் ஆற்றலைவிடச் செலவாகும் ஆற்றல் அதிகமாக இருக்க வேண்டும். உள்ளே போவது சோறானாலும் நெய்யானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இதற்கு எதிரான வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. மாவுச்சத்து இன்சுலினைக் கூட்டுகிறது, இன்சுலின் கொழுப்பைக் கிடங்கிலேயே பூட்டிவைக்கிறது, ஆகவே கலோரி சமமாக இருந்தாலும் மாவுச்சத்தைக் குறைத்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்கிறார்கள் டேவிட் லுட்விக் போன்ற ஆய்வாளர்கள். இதைச் சோதிக்க அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் தலைமையில் 17 ஆண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. இன்சுலின் கோட்பாட்டின் முதன்மைப் பிரசாரகரான கேரி டாப்ஸ் இணைந்து நிறுவிய அமைப்பும் அதற்கு நிதி தந்தது. நான்கு வாரம் மாவுச்சத்து மிகுந்த உணவு, அடுத்த நான்கு வாரம் அதே கலோரி அளவில் கீட்டோ. 2016-இல் முடிவு வந்தது. கீட்டோவில் இன்சுலின் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது, ஆனால் உடல் கொழுப்பு கரையும் வேகம் கூடவில்லை. ஆற்றல் செலவு சற்றே உயர்ந்து பின்னர் தணிந்தது. லுட்விக்கின் குழு 164 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைக் குறைத்தவர்களின் உடல் நாளுக்கு 200 கலோரிக்கு மேல் கூடுதலாகச் செலவழித்ததாகக் கூறியது. அந்தக் கணக்கிடும் முறையைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அவ்வளவு பெரிய ஆதாயம் உண்மையில் இருந்தால், ஓராண்டு, ஈராண்டு நீளும் ஆய்வுகளில் குறைந்த மாவுச்சத்து உண்டவர்கள் மற்றவர்களைவிட மிகத் தெளிவாக இளைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு

மிகக் குறைந்த மாவுச்சத்து உணவையும் குறைந்த கொழுப்பு உணவையும் ஓராண்டுக்குக் குறையாமல் ஒப்பிட்ட 13 ஆய்வுகளை, மொத்தம் 1,415 பேரின் தரவுகளை, 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். கீட்டோ பக்கம் கிடைத்த கூடுதல் எடைக்குறைவு சராசரியாக 0.91 கிலோ. ஓராண்டுக்கு மேல் சோறு, ரொட்டி, பழம் என எல்லாவற்றையும் ஒதுக்கியதற்கு ஒரு கிலோகூட இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் குறைந்த மாவுச்சத்து உண்டவர்கள் சராசரியாக 6 கிலோவும், குறைந்த கொழுப்பு உண்டவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது வேறுபாடாகாது. கலோரியை எண்ணும்படி யாரிடமும் சொல்லவில்லை. இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்ட பொதுவான அறிவுரை, சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்பது. எடை குறைந்ததற்கு இந்தப் பொது அறிவுரை முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம்.

“ஆய்வில் இருந்தவர்கள் சில மாதங்களில் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகிறார்கள். ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கீட்டோ ஜெயிக்கும்” என்பது கீட்டோ ஆதரவாளர்களின் நியாயமான பதில். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நாள் போகப் போகப் பெரும்பாலோரால் கடைப்பிடிக்க முடியாமல் போவது அந்த உணவுமுறையின் குணங்களில் ஒன்று. குற்றத்தை மனிதர்களின் மனவுறுதியின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது. அடுத்து, முழுக் கண்காணிப்பில் நடந்த ஆய்வுகளிலும் கீட்டோவுக்குத் தனி வெற்றி கிட்டவில்லை. ஹால் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் மருத்துவமனையிலேயே தங்கி, இரண்டு வாரம் கீட்டோவும் இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் விருப்பம்போல் உண்டார்கள். இரண்டிலும் எடை குறைந்தது, இரண்டிலும் பசியோ திருப்தியின்மையோ கூடியதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தாவர உணவு உண்ட நாட்களில் அவர்கள் சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், உடல் கொழுப்பும் அந்த வாரங்களில்தான் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரண்டாவது வாரத்தில் கீட்டோ உண்டபோதும் சாப்பாட்டின் அளவு இறங்கத் தொடங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கீட்டோன்கள் கூடிய நிலை (கீட்டோசிஸ்) பசியை ஓரளவு அடக்குகிறது என்று வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கீட்டோவின் உண்மையான பலம் இதுதான். பசி அடங்குகிறது, புரதம் வயிற்றை நிறைக்கிறது, பிஸ்கட், பரோட்டா, மிக்சர், இனிப்பு, குளிர்பானம் எல்லாம் ஒரே விதியில் வெளியேறிவிடுகின்றன. சாப்பாடு தானாகக் குறைகிறது, எடையும் குறைகிறது.

சர்க்கரை நோய் மாறுகிறதே?

கீட்டோவுக்கு ஆதரவான வலுவான வாதம் சர்க்கரை நோயிலிருந்து வருகிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் இரத்தச் சர்க்கரை வேகமாக இறங்குகிறது. மருத்துவர் கண்காணிப்போடு கடைப்பிடித்தவர்களில் பலர் இன்சுலினையும் மாத்திரைகளையும் குறைத்திருக்கிறார்கள். இது பெரிய நன்மை. ஆனால் நோய் தணிவதற்குக் கீட்டோன் கட்டாயமா? பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுக்குள் இருந்தவர்களுக்கு நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவில் சூப்பும் பானமுமாகச் சில மாதங்கள் தந்தார்கள். அந்தப் பானங்களின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்தது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு வெளியேறும் அளவுக்கு எடை குறைந்ததுதான் நோயைத் தணித்தது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1939-இல் வால்டர் கெம்ப்னர் தொடங்கிய சிகிச்சை இன்னும் துலக்கமான சான்று. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்குமாக அவர் தந்தது அரிசிச் சோறும் பழமும் சர்க்கரையும்தான். கலோரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்து. அந்த உணவிலும் பருத்த உடல்கள் பெருமளவில் இளைத்தன. அதை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. மாவுச்சத்து மட்டுமே ஒருவரைக் குண்டாக்கிவிடும் என்ற கூற்றை மறுக்க அது போதும்.

யார் தனியாகத் தொடங்கக் கூடாது

எடைக்குறைப்பில் கீட்டோ பிற முறைகளுக்கு ஏறத்தாழச் சமம் என்றால், அதன் ஆபத்துகளையும் மற்றவற்றோடு ஒப்பிட்டே தீர வேண்டும். சர்க்கரை நோய்க்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை இன்று மிகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இவற்றை விழுங்கிக்கொண்டே மாவுச்சத்தையும் நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன்கள் எல்லை மீறி இரத்தம் அமிலமாகலாம். குளுக்கோமீட்டர் கிட்டத்தட்டச் சாதாரண அளவைக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று நோயாளி அவசரப் பிரிவில் கிடப்பார். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு எதிர்த்திசை ஆபத்து: பழைய அளவிலேயே மருந்து தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு உப்பும் நீரும் குறைந்து தலைசுற்றலாம். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கணைய அழற்சியோ கல்லீரல், சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இணையத்தில் கிடைத்த உணவுப் பட்டியலை நம்பி இதில் இறங்கவே கூடாது.

இதயம் பற்றிய கவலையும் நமக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். கீட்டோவில் இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு கொழுப்பு பெரும்பாலும் குறைகிறது, அது நல்லதே. ஆனால் பலருக்கு எல்டிஎல் என்னும் ‘கெட்ட’ கொழுப்பு ஏறுகிறது, சிலருக்கு மிக அதிகமாக. கார்ட்னர் குழு 2022-இல் கீட்டோவையும் பருப்பு, பழம், முழுதானியம் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவையும் ஒரே ஆட்களிடம் மாற்றி மாற்றிச் சோதித்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறங்கியது, எல்டிஎல் கீட்டோவில் மட்டும் உயர்ந்தது, நார்ச்சத்து கீட்டோவில் குறைந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்தாறு ஆண்டு முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்று பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட மக்கள், எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் தட்டுக்கு இதிலிருந்து என்ன?

கீட்டோ எழுப்பும் கேள்வி முழுக்கத் தவறானது என்று இதனால் ஆகிவிடாது. நம் தட்டில் மாவுச்சத்து மிதமிஞ்சி இருக்கிறது என்பது உண்மை. சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வில் நகரவாசிகள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வருவதாகத் தெரிந்தது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு நாடு முழுவதும் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்து, புரதம் 12 விழுக்காடுதான். 2023-இல் அதே ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தத் தரவுகளைக் கொண்டு, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களுக்கு அது தணிய மாவுச்சத்து எவ்வளவு இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது கிடைத்த விடை 49 முதல் 54 விழுக்காடு. கீட்டோ கேட்பது 5 முதல் 10. நம் மக்களுக்கான சான்று சுட்டும் மாற்றம், எட்டு முதல் பதின்மூன்று விழுக்காட்டை மாவிலிருந்து புரதத்துக்கு நகர்த்துவதுதான். யாரும் வீட்டுச் சமையலறையிலேயே செய்யக்கூடிய மாற்றம் அது.

சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காக்கி, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். சர்க்கரை போட்ட காப்பி டீயையும் மாலைநேர பஜ்ஜி, பிஸ்கட்டையும் நிறுத்தலாம். குடும்பத்தோடு ஒரே பானையில் சமைத்து ஒரே இடத்தில் அமர்ந்து உண்ண முடிவது இந்த வழியின் பெரிய பலம். நாள்தோறும் நூறு பாதாம் வாங்கக் காசில்லாத வீட்டிலும் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை ஊறவைக்க முடியும். இப்படிச் செய்தால் முதல் வாரத்தில் மூன்று கிலோ குறையாது. அந்த மூன்று கிலோ தண்ணீர் என்பது நமக்கு இப்போது தெரியும். மாதம் ஒன்றிரண்டு கிலோவாகக் குறைந்து ஓராண்டில் நிலைக்கும் எடைக்குறைவுதான் மூட்டுக்கும் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கணக்கில் சேரும்.

மாவுச்சத்தை முழுவதுமாக விட்டால்தான் தன்னால் கட்டுப்பாட்டோடு இருக்க முடியும் என்று உணர்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கடுமையான விதி பத்து மென்மையான விதிகளைவிட உதவும். அவர்கள் மருத்துவரிடம் தங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டி, மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு, தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் கொழுப்பு அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதித்துக்கொண்டு கீட்டோவைச் செய்யட்டும். நிறுத்தும்போது என்ன சாப்பிடப் போகிறோம் என்பதையும் தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளட்டும். மற்ற எல்லாருக்கும் ஆய்வுகள் சொல்வது ஆறுதலான செய்தி. எடை குறைய இரத்தத்தில் கீட்டோன் ஏற வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் தொடர முடிகிற அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் போதும்.